ஃபிஃப்த் வீலுக்குக் கிரீஸ் அடிப்பதற்கு முன்: டிரெய்லர் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்கு

நாமக்கல், சங்ககிரி பக்கமிருந்து நவி மும்பைக்கு டிரெய்லர் வேலைக்கு வரும் பையன்கள் கையில் முதல் வாரமே கிரீஸ் கன்னைக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கே அடிக்க வேண்டும் என்று காட்டித் தருகிறவர்கள் குறைவு. அடிப்பதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறவர்கள் அதைவிடக் குறைவு. கலம்போலி இரும்புச் சந்தையில் காயில் (இரும்புத் தகட்டுச் சுருள்) ஏற்றுகிற வண்டியானாலும் சரி, நாவா சேவா துறைமுகத்தில் கன்டெய்னர் இழுக்கிற வண்டியானாலும் சரி, பழைய கிரீஸின் மேலேயே புது கிரீஸை அப்பிவிட்டுக் கிளம்புவதைத்தான் தினமும் பார்க்கிறேன். லாரியையும் டிரெய்லரையும் கோர்க்கிற தட்டான ஃபிஃப்த் வீலின் பராமரிப்பில் முக்கால்வாசி வேலை துடைப்பதும் உற்றுப் பார்ப்பதும்தான். கிரீஸ் அடிப்பது அதற்கப்புறம் பத்து நிமிட வேலை.

அந்தத் தட்டு என்ன செய்கிறது

இழுவை லாரியின் சேஸிஸ் மேல், பின்பக்கம் வாய் பிளந்தபடி இருக்கும் கனமான தட்டுதான் ஃபிஃப்த் வீல். டிரெய்லரின் முன்பக்க அடியிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கிங்பின் அந்த வாய்க்குள் வந்ததும், உள்ளே இருக்கும் தாடை பின்னைச் சுற்றிப் பூட்டிக்கொள்கிறது. டிரெய்லரின் முன்பக்கச் சுமை தட்டின் மேல் இறங்குகிறது. இழுக்கும் விசை முழுவதும் பின்னின் கழுத்தில் விழுகிறது. 2018-ல் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியபோது டிரெய்லர் வண்டிகளின் மொத்த எடைக்கான உச்சவரம்பு 55 டன் ஆனது. அதில் லாரியின் சொந்த எடை போக மீதி அத்தனையையும் இழுத்துக்கொண்டு போவது நம் உள்ளங்கைக்குள் அடங்குகிற பருமனுள்ள ஒரே ஒரு பின்.

வண்டி திரும்பும்போதெல்லாம் டிரெய்லரின் அடித்தட்டு இந்தத் தட்டின் மேல் பல டன் எடையோடு தேய்ந்து சுழல்கிறது. நடுவில் கிரீஸ் இல்லையென்றால் தட்டு திரும்ப மறுக்கும். ஸ்டீயரிங் கனக்கும், வளைவு முடிந்தபின் தானாக நேராகாது, முன் டயர்கள் ஒருபக்கமாகத் தேயும். ஈர ரோட்டில் இது இன்னும் ஆபத்து. டிரெய்லர் சுழல மறுத்து நேராகத் தள்ளும்போது முன் சக்கரங்கள் பிடியை இழந்து வழுக்கிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் மும்பை–புனே வழியிலுள்ள கண்டாலா காட் (மலைப்பாதை) இறங்குகிற யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

என்னென்ன வேண்டும்

கிரீஸ் கன், அகலமான புட்டி பிளேடு, கம்பி பிரஷ், கொஞ்சம் டீசல் அல்லது மண்ணெண்ணெய், துடைக்க நிறையப் பனியன் வேஸ்ட் (கழிவுத் துணி), நல்ல டார்ச், ஒரு கடப்பாரை, கையுறை, பழைய கிரீஸைப் போட்டு வைக்க மூடியுள்ள டப்பா. பருமனை அளக்கிற வெர்னியர் கருவி இருந்தால் மிகவும் நல்லது.

கிரீஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சம் வேண்டாம். லித்தியம் அடிப்படையில் செய்த, அதிக அழுத்தம் தாங்குகிற ஈ.பி. 2 வகை கிரீஸ், அதிலும் மாலிப்டினம் டைசல்ஃபைடு அல்லது கிராஃபைட் கலந்தது, இந்த வேலைக்கு ஏற்றது. பன்வேல், கலம்போலி கடைகளில் ‘மோலிவாலா கிரீஸ்’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். எடை அழுத்தும்போது சாதாரண கிரீஸ் பிதுங்கி வெளியே போய்விடும். அப்போதும் மாலிப்டினமும் கிராஃபைட்டும் இரும்பின் மேல் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். வகை தெரியாத இரண்டு கிரீஸ்களைக் கலக்காதீர்கள். ஒத்துப்போகாத கிரீஸ்கள் சேர்ந்தால் இளகி வழிந்துவிடும்.

என்ஜினிலிருந்து இறக்கிய கருப்பு ஆயிலைத் தட்டில் ஊற்றுகிற பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அதில் கரியும் உலோகத் துகளும் இருக்கின்றன, அந்த எடையில் தாக்குப்பிடிக்கிற கனமும் இல்லை. எந்த அனுபவஸ்தர் சொன்னாலும் செய்யாதீர்கள்.

சில புது வண்டிகளில் தட்டின் மேல் நைலான் போன்ற பொருளில் செய்த பட்டைகள் பதித்திருப்பார்கள். அந்த வகைத் தட்டுக்கு மேல்பக்கம் கிரீஸ் தேவையில்லை. பூட்டுக்கும் கீழே இருக்கும் அச்சுகளுக்கும் மட்டும் தேவை. தடவிப் பார்த்தாலே பட்டை இருப்பது தெரிந்துவிடும். வண்டியோடு வந்த கையேட்டையும் ஒருமுறை பாருங்கள்.

முதலில் வண்டியைப் பிரிப்பது

முழுச் சுத்தம் செய்ய டிரெய்லரைக் கழற்றியே ஆக வேண்டும். சமதளமான, கெட்டியான தரையைத் தேர்ந்தெடுங்கள். கலம்போலி, உரண் பக்கத்து யார்டுகளில் மழைக்காலத்தில் மேலே காய்ந்திருக்கிற மண்ணுக்கு அடியில் சேறு இருக்கும். டிரெய்லரின் முன்கால்களை இறக்கினால் சுமையோடு உள்ளே இறங்கி ஒருபக்கம் சாய்ந்துவிடும். கால்களுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். முடிந்தால் சரக்கு இல்லாதபோது பிரியுங்கள்.

டிரெய்லர் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்கால்களை இறக்கி, ஏர் ஹோஸ்களையும் கரன்ட் கேபிளையும் கழற்றுங்கள். பூட்டின் கொக்கியை விடுவித்துக் கைப்பிடியை முழுவதும் வெளியே இழுத்தபின், இழுவை லாரியை மெதுவாக முன்னால் நகர்த்துங்கள். கைப்பிடி வர மறுத்தால் டிரெய்லரின் எடை தாடையை நெருக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வண்டியைச் சற்றே பின்னால் அழுத்திவிட்டு மறுபடி இழுங்கள். சுத்தியலால் அடிக்க வேண்டாம்.

லாரி முழுவதும் வெளியே வந்தபின் என்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம், வண்டியிலும் விட வேண்டாம். முன்கால்களை மட்டும் நம்பி நிற்கிற டிரெய்லருக்கு அடியில் உடம்பை நுழைக்காதீர்கள். கிங்பினை ஓரத்திலிருந்து கையும் டார்ச்சும் நீட்டிப் பார்க்க முடியும்.

துடைப்பது: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

தட்டின் மேலிருக்கும் பழைய கிரீஸை விரலால் எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருக்கும். ரோட்டு மண்ணும், சிமென்ட் தூசியும், இரும்புத் துகளும் சேர்ந்து அது வால்வு அரைக்கிற பேஸ்ட் போல ஆகியிருக்கும். இதன் மேல் புது கிரீஸ் அடித்தால் அரைக்கிற பேஸ்டை இன்னும் கொஞ்சம் இளக்கிக் கொடுத்ததாகத்தான் ஆகும். பார்ப்பதற்கு நன்றாகக் கிரீஸ் போட்ட வண்டி மாதிரித் தெரியும். தட்டும் பின்னும் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும்.

புட்டி பிளேடால் பழையதை வழித்து டப்பாவில் போடுங்கள். தட்டின் மேலே கிரீஸ் நிற்பதற்காக வெட்டியிருக்கும் பள்ளங்களைத் தனியாகக் கிளற வேண்டும், அங்கேதான் மண் கெட்டியாகி உட்கார்ந்திருக்கும். அப்புறம் கிங்பின் நுழைகிற வாய். தாடைக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் கரடுதட்டிய கிரீஸ் அப்பியிருக்கும், தாடை முழுதாக மூடவிடாமல் தடுப்பது பெரும்பாலும் இந்தக் கரடுதான். கம்பி பிரஷ்ஷை டீசலில் நனைத்துத் தேயுங்கள், வேஸ்டால் துடையுங்கள், வேஸ்டில் கருப்பு வருவது நிற்கிற வரைக்கும் திரும்பச் செய்யுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கைப்பிடியை இழுத்து வைத்திருக்கும்போது தாடை திறந்து, ஸ்பிரிங் விசையோடு காத்திருக்கும். கிங்பின் வந்து தட்டினால் மூடுவதற்காகச் செய்த அமைப்பு அது, விரல் தட்டினாலும் மூடும். வாய்க்குள் விரலை விடவே விடாதீர்கள். நீளமான கைப்பிடியுள்ள பிரஷ்ஷோ, குச்சியில் சுற்றிய வேஸ்ட்டோ போதும்.

டிரெய்லர் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். கிங்பினையும் அதைச் சுற்றியுள்ள அடித்தட்டையும் அதே கவனத்தோடு துடைக்க வேண்டும். துறைமுக ஓட்டத்தில் ஒரே லாரி நாள் முழுக்க வெவ்வேறு டிரெய்லர்களோடு சேர்ந்து பிரிகிறது. யார்டில் பல நாள் சும்மா நின்ற டிரெய்லரின் பின்னில் உப்புக்காற்றில் வந்த துருவும் மண்ணும் ஒட்டியிருக்கும். அதைத் துடைக்காமல் பூட்டினால், நீங்கள் பாடுபட்டுச் சுத்தம் செய்த தாடைக்குள் அந்த அழுக்கு நேராகப் போய் உட்காரும். அதனால் முழுச் சுத்தம் செய்யாத நாளிலும், புது டிரெய்லரைக் கோர்ப்பதற்கு முன் பின்னை ஒருமுறை வேஸ்டால் சுற்றித் துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சுத்தமான இரும்பு என்ன சொல்கிறது

இப்போதுதான் தட்டைப் பார்க்க முடியும். கிரீஸ் மூடியிருக்கும்போது எந்த விரிசலும் தெரியாது.

தட்டின் மேல் பளபளவென்று மின்னுகிற திட்டு இருந்தால் அந்த இடத்தில் எண்ணெய் இல்லாமல் இரும்பும் இரும்பும் உரசியிருக்கின்றன. ஒரே ஓரத்தில் மட்டும் மின்னினால் டிரெய்லரின் அடித்தட்டு வளைந்திருக்கலாம். நேரான இரும்புப் பட்டியை அதன் மேல் வைத்தால் குழிவு தெரிந்துவிடும். தட்டின் விளிம்பிலும், வாயைச் சுற்றியும், கீழே தாங்குகிற பிராக்கெட்டுகளிலும் டார்ச் அடித்து விரிசல் தேடுங்கள். சுத்தம் செய்த இரும்பில் மெல்லிய துருக்கோடு ஒன்று மட்டும் நீளமாக ஓடினால் அதைச் சந்தேகப்படுங்கள். போல்ட் தலையைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் மாவு போன்ற துரு இருந்தால் அந்த போல்ட் உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறது. ஸ்பேனர் போட்டு நீங்களாக இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். தயாரிப்பாளர் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவில் பட்டறையில் இறுக்க வேண்டும், தேவைப்பட்டால் போல்ட்டையே மாற்ற வேண்டும்.

கிங்பினுக்கு அளவுதான் நீதிபதி. 2 அங்குலப் பின் புதிதாக இருக்கும்போது கழுத்தில் 50.8 மி.மீ., அதற்கு மேலே உள்ள பருத்த பகுதியில் சுமார் 73 மி.மீ. இருக்கும். கழுத்து 49 மி.மீட்டருக்கோ, பருத்த பகுதி 71 மி.மீட்டருக்கோ தேய்ந்துவிட்டால் அந்தப் பின்னின் காலம் முடிந்தது. வெர்னியரை ஒரே திசையில் வைத்து அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். பின் வட்டமாகத் தேயாது, முன்பின் திசையில்தான் அதிகம் தேயும். சுற்றிவர நான்கு இடத்தில் அளந்து, குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். 3.5 அங்குலப் பின் உள்ள டிரெய்லர்களும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு வரம்பு வேறு. உங்கள் தட்டின் பூட்டும் டிரெய்லரின் பின்னும் ஒரே அளவுதானா என்பதைக் கோர்ப்பதற்கு முன்னாலேயே பாருங்கள்.

தேய்ந்த பின்னின் மேல் வெல்டிங் வைத்துக் கடைந்து கொடுக்கிறேன் என்று சொல்கிற பட்டறைகள் உண்டு. மலிவாகத்தான் முடியும். ஆனால் கிங்பின் வெப்பப் பதம் கொடுத்த எஃகு. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்து, பின்னை நொறுங்கக்கூடியதாக ஆக்கிவிடும். அது முறிந்தால் சரக்கோடு டிரெய்லர் தனியாக ஓடும். முதலாளி பேரம் பேசினாலும் இதில் நீங்கள் தலையாட்டக் கூடாது. தேய்ந்த பின்னை மாற்றத்தான் வேண்டும். தட்டில் விரிசல் இருந்தாலும் இதே பதில்தான்.

கிரீஸ் அடிப்பது

முதலில் கீழே இருக்கும் பிராக்கெட் அச்சுகள். தட்டு முன்னும் பின்னும் சாய்வது இந்த இரண்டு அச்சுகளின் மேல்தான். அவற்றில் கிரீஸ் ஏற்றுகிற சின்ன முனை, அதாவது நிப்பிள் இருக்கும். அப்படியே கன்னை வைத்து அடித்தால் கிரீஸ் சுலபமான பக்கத்தில், அதாவது எடை தாங்காத பக்கத்தில் வெளியே வந்துவிடும். தேவையான பக்கம் வறண்டே இருக்கும். ஒருவர் கடப்பாரையால் தட்டைக் கொஞ்சம் நெம்பித் தூக்க, இன்னொருவர் கிரீஸ் அடிக்க வேண்டும். புது கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வருகிற வரைக்கும் அடியுங்கள். நிப்பிளை அடிப்பதற்கு முன்னும் துடைக்க மறக்காதீர்கள், அதன் தலையில் இருக்கும் மண்ணைத்தான் கன் உள்ளே தள்ளும்.

அப்புறம் பூட்டு. தாடையின் உள்பக்கம், அது சுழல்கிற அச்சு, கைப்பிடியின் தண்டு, கொக்கி ஆகியவற்றில் மெல்லிய பூச்சு போதும். கைப்பிடியை இழுத்து, தாடையை ஒரு கம்பியால் தட்டி மூட வைத்து, மறுபடி இழுத்து, சில தடவை இயக்கிப் பாருங்கள். தடையில்லாமல் ‘டக்’ என்று மூட வேண்டும். தயங்கி மூடினால் உள்ளே இன்னும் அழுக்கு இருக்கிறது, இல்லையென்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கிரீஸை அதிகமாக அடித்து அந்தத் தயக்கத்தை மறைக்கப் பார்க்காதீர்கள்.

கடைசியாக மேல்தட்டு. பள்ளங்களை நிரப்பி, மற்ற இடங்களில் புட்டி பிளேடால் சீரான பூச்சாக இழுங்கள். பின்பக்கத்தில் சற்றுத் தாராளமாகவும், கேபின் பக்கத்தில் மெல்லியதாகவும் வையுங்கள். லாரி பின்னால் போய் டிரெய்லருக்கு அடியில் நுழையும்போது, அடித்தட்டு கிரீஸைப் பின்னிலிருந்து முன்னோக்கி வழித்துக்கொண்டு வரும். முன்பக்கத்தில் நிறைய வைத்தால் அது வழிந்து சேஸிஸிலும் ஏர் ஹோஸ்களிலும் விழுந்து வீணாகும். கிங்பினைச் சுற்றியும் மெல்லிய பூச்சு கொடுங்கள்.

மறுபடி கோர்ப்பது

கிரீஸ் வேலையின் கடைசிப் படி இதுதான். நல்ல கிரீஸ் போட்ட தட்டில்கூடத் தவறாகக் கோர்த்தால் டிரெய்லர் கழன்றுவிடும்.

டிரெய்லரின் அடித்தட்டு ஃபிஃப்த் வீலைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். லாரி உள்ளே வரும்போது தட்டு டிரெய்லரைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டே நுழைய வேண்டும். டிரெய்லர் அதிக உயரத்தில் நின்றால், கிங்பின் தாடைக்குள் இறங்காமல் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். இது நடந்தால் கோர்த்தது போலவே தெரியும், கொஞ்ச தூரம் ஓடவும் செய்யும்.

ஆகவே நேராக, மெதுவாகப் பின்னால் வந்து, பூட்டு விழுந்த சத்தம் கேட்டபின் இறங்கிப் போய் டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: மேல்தட்டுக்கும் டிரெய்லர் அடித்தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது, தாடை பின்னின் கழுத்தைச் சுற்றி முழுவதும் மூடியிருக்க வேண்டும், கைப்பிடி முழுவதும் உள்ளே போய்க் கொக்கி விழுந்திருக்க வேண்டும். அதன்பின் டிரெய்லர் பிரேக் பிடித்திருக்கும் நிலையிலேயே முதல் கியரில் மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். இழுத்துப் பார்த்தது மட்டும் போதும் என்று கண்ணால் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். கிங்பின் சரியாகப் பூட்டாமல் எங்காவது தற்காலிகமாக மாட்டிக்கொண்டிருந்தாலும் அந்தச் சின்ன இழுவையைத் தாங்கிவிடும். எல்லாம் சரியென்றால் ஹோஸ்களையும் கேபிளையும் மாட்டி, முன்கால்களைத் தூக்கி, கட்டைகளை எடுங்கள்.

இதே நேரத்தில் பூட்டின் ஆட்டத்தையும் சோதிக்கலாம். டிரெய்லர் பிரேக்கைப் போட்டுவிட்டு ஒருவர் லாரியை முன்னும் பின்னும் மெல்ல அசைக்க, இன்னொருவர் பாதுகாப்பாக ஓரத்தில் நின்று கவனிக்கட்டும். லாரிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ‘டக் டக்’ என்று இடைவெளி தெரிந்தால், தாடையை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும் அல்லது தேய்ந்த பாகத்தை மாற்ற வேண்டும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காட் இறங்கும்போது பிரேக் பிடித்தால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, கிங்பின் வாயின் முன்சுவரில் மோதும். விட்டால் திரும்பி வந்து தாடையில் மோதும். இறக்கம் முடிகிற வரைக்கும் அந்த இடைவெளி சுத்தியல் வேலை செய்துகொண்டிருக்கும்.

எப்போதெல்லாம்

தயாரிப்பாளரின் கையேட்டில் கிலோமீட்டர் கணக்கு இருக்கும், அதுதான் அடிப்படை. ஆனால் நீளப் பயண வண்டிக்கும் துறைமுக வண்டிக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது. தேசிய நெடுஞ்சாலை 48-ல் புனே, பெலகாவி, ஹுப்பள்ளி, பெங்களூரு வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போகிற வண்டி பெரும்பாலும் நேராக ஓடுகிறது, தட்டு அதிகம் சுழல்வதில்லை. நாவா சேவாவுக்கும் கன்டெய்னர் யார்டுகளுக்கும் நடுவே ஓடுகிற வண்டி குறைவான கிலோமீட்டரில் எண்ணற்ற திருப்பங்கள் திரும்புகிறது, அடிக்கடி கோர்த்துப் பிரிகிறது. துறைமுக வண்டிக்கு வாரம் ஒருமுறை துடைத்துப் பூசுங்கள். நீளப் பயண வண்டிக்கு ஒவ்வொரு பயணமும் முடிந்து மும்பை திரும்பியதும் செய்யலாம். நடுவில் திருப்பத்தில் கிறீச்சென்ற சத்தமோ, ஸ்டீயரிங்கில் கனமோ தெரிந்தால் தேதி பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே பெய்கிற மழையில் இந்த இடைவெளியைப் பாதியாக்குங்கள். தண்ணீர் கிரீஸைக் கழுவும், கடலோர உப்பு மிச்சத்தைத் துருப்பிடிக்க வைக்கும். வாட்டர் சர்வீஸ் விட்ட வண்டிக்கும் இதே கதிதான். பிரஷர் கன் தட்டையும் பூட்டையும் சுத்தமாகக் கழுவி வறள விட்டுவிடும். சர்வீஸ் முடிந்து வெளியே வருகிற வண்டி பளிச்சென்று இருக்கும். ஆனால் அன்றைக்கே பூட்டுக்கும் தட்டுக்கும் கிரீஸ் வைக்காவிட்டால் முதல் திருப்பத்திலேயே உரசல் ஆரம்பிக்கும்.

டிரெய்லரைக் கழற்ற நேரமில்லாத நாளில் நிப்பிள்கள் வழியாக மட்டும் கிரீஸ் ஏற்றலாம். அதை முழு வேலைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த முறை பிரிக்கிற வரைக்கும் சமாளிக்கத்தான் அது.

ஒவ்வொரு முழுச் சுத்தத்துக்கும் தேதி, கிலோமீட்டர், டிரெய்லர் எண், பின்னின் குறைந்த அளவு, கண்ணில் பட்ட குறை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். டிரைவர் மாறும்போது நோட்டை அடுத்தவர் கையில் கொடுங்கள். கிங்பின்னின் கழுத்து 49 மி.மீட்டருக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தால், அதை மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்பதற்கு உங்கள் வாய்வார்த்தையைவிட அந்த வரி பலமானது. டப்பாவில் சேர்ந்த பழைய கிரீஸையும் டீசல் வேஸ்டையும் யார்டு ஓரத்துச் சாக்கடையில் கொட்டாதீர்கள். பட்டறையில் கழிவு ஆயில் சேர்க்கிற பீப்பாயோடு கொடுத்துவிடுங்கள். தரையில் சிந்தியதை மண் போட்டு வழித்து எடுங்கள், பின்னால் வருகிற வண்டியின் டயரும் உங்கள் காலும் அதில்தான் வழுக்கும்.